நமக்குள்ள என்ன சீலு?

பண்பொழி திருமலைக் கோயிலுக்குக் கார் ஏறுகிற பாதையில் ஒரு வளைவு வரும். ஒரு பக்கம் பாறை. இன்னொரு பக்கம் எட்டிப் பார்த்தால் கீழே வயலும் குளங்களும் தென்னந்தோப்புமாகக் கண் நிறைந்துவிடும். அந்த வளைவில்தான் என் வண்டி நின்றது.

நின்றது என்று சொல்வதுகூடச் சரியில்லை. எஞ்சின் ஓடிக்கொண்டுதான் இருந்தது. ஓடியது என்ன, கத்தியது. ஆக்சிலேட்டரை மிதிக்க மிதிக்கச் சத்தம் ஏறியதே தவிர, சக்கரம் அசையவில்லை. உள்ளே கருகல் வாடை வேறு. நான் பிரேக்கை மிதித்து, ஹாண்ட் பிரேக்கையும் இழுத்துவிட்டு, சாமி சந்நிதிக்குப் போகிற வழியில் சொல்லக்கூடாத ஒரு வார்த்தையை வாய்க்குள்ளேயே சொன்னேன்.

பின்சீட்டில் கொல்லத்திலிருந்து வந்த அக்கா தங்கை மூன்று பேர். காலையில் திருமலை, மத்தியானம் ஐந்தருவி, சாயந்திரம் பழைய குற்றாலம் என்று பேச்சு. மூத்தவர் முன்னால் குனிந்து, "எந்து பற்றி?" என்றார். என்ன ஆச்சு என்று கேட்கிறார்.

எனக்கே தெரிந்தால்தானே சொல்வதற்கு? கிளட்ச் மாற்றி ஒரு மாதம்கூட ஆகவில்லை. புது கிளட்ச் பிளேட், புது பிரஷர் பிளேட், புது பேரிங். எல்லாம் மேலகரம் மெக்கானிக் மைதீன் கை பட்ட வேலை.

"வண்டி ஏற மாட்டேங்குதும்மா" என்றேன். சொல்லும்போதே மானம் போனது.

அந்த அம்மா சிரித்தார். "குழப்பமில்ல மோளே, நடக்காம்" என்று சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இறங்கிவிட்டார். தங்கைமார் பின்னாலேயே இறங்கினார்கள். நல்லவேளையாக மேலே போன ஒரு செங்கோட்டை வேன் அவர்களை ஏற்றிக்கொண்டது.

மலையாளத்தில் குழப்பமில்ல என்றால் பரவாயில்லை என்று அர்த்தம். தமிழில் அர்த்தம் வேறு. என் வண்டிக்கு அன்றைக்கு வந்திருந்தது முழுக்க முழுக்கத் தமிழ்க் குழப்பம். அது எனக்கு அப்போது தெரியாது.

ஒரு சீசன் கெடு

அந்த வண்டி வந்த கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். என் வீட்டுக்காரர் ராணுவத்தில் ஹவில்தார். பென்ஷனில் வந்ததும் ஓட்டலாம் என்று ஒரு லீவில் செகண்ட் ஹாண்டாக வாங்கிப் போட்டுவிட்டு வடக்கே போய்விட்டார். வண்டி வீட்டு வாசலில் தார்ப்பாய் போர்த்திக்கொண்டு தூங்கியது. தூங்குகிற வண்டியைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க எனக்கு முடியவில்லை. ஓட்டக் கற்றுக்கொண்டேன். லைசென்ஸ் எடுத்தேன். அப்புறம் ஆசை அடங்காமல், மஞ்சள் போர்டு மாற்றி குற்றாலம் சீசனுக்கு சவாரி ஓட்டுகிறேன் என்று நின்றேன்.

வீட்டில் பூகம்பம். கொழுந்தன் கணேசன் கெட்டவன் இல்லை, ஆனால் பயந்தவன். "மைனி, சீசன் ரோட்டுல குரங்கும் குடிகாரனும்தான் குறுக்க வருதான். உங்களுக்கு எதுக்கு இந்த வேலை? புனலூர்ல ஒரு ஆளு வண்டிய நல்ல வெலைக்குக் கேக்காரு" என்று ஆரம்பித்தான்.

கடைசியில் என் வீட்டுக்காரர் போனில் தீர்ப்புச் சொன்னார். "ஒரு சீசன் ஓட்டிப் பாரு. சவாரியோட நடுவழியில ஒரு தடவ நின்னாலும், கணேசன் சொல்லுத ஆளுக்குக் குடுத்துருவோம். சரியா?"

சரி என்றேன். வாய்தான் சொன்னது.

அந்த வண்டி எனக்கு எதற்கு என்று கேட்கிறவர்களுக்கு ஒரே பதில்தான். இடது காலால் கிளட்சை மிதித்து, மெல்ல மெல்ல விடும்போது, ஒரு இடத்தில் வண்டி லேசாக உடம்பைச் சிலிர்க்கும். அந்த இடம் ஒரு நூல் அளவுதான். அதைக் கால் கண்டுபிடித்த அன்று நான் சமையலறையில் நின்றுகொண்டு தனியாகச் சிரித்தேன். கல்யாணத்துக்குப் பிறகு எனக்கென்று நானாகச் சம்பாதித்த முதல் விஷயம் அது. அதை எப்படி புனலூருக்கு அனுப்புவேன்?

மாலையும் கழுத்துமாக

இங்கே என் வீட்டுக்காரரின் ஒரு குணத்தைச் சொல்லாவிட்டால் கதை நகராது. அவருக்கு எதிலும் சீல் இருக்க வேண்டும். ரப்பர் ஸ்டாம்பைச் சொல்கிறேன். லீவு சீட்டில் சீல், கேன்டீன் பில்லில் சீல், ரயில் வாரண்டில் சீல் என்று ராணுவத்தில் வாழ்ந்து வாழ்ந்து, சீல் விழாத காகிதம் அவருக்கு வெறும் குப்பை.

எங்கள் கல்யாணத்தன்று மறுவீட்டுக்குக் கிளம்பி வேனில் ஏறிய பிறகு, மண்டபத்து ரசீதை எடுத்துப் பார்த்தார். சீல் இல்லை. மாலையும் கழுத்துமாக இறங்கிப் போய், மேனேஜரை எழுப்பி, சீல் அடித்து வாங்கிக்கொண்டுதான் வந்தார். புதுப்பெண் நான் வேனில் குனிந்த தலை நிமிராமல் உட்கார்ந்திருந்தேன். வெட்கத்தினால் என்று எல்லோரும் நினைத்தார்கள். சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தேன்.

அப்படிப்பட்டவர், சீசனுக்கு முன் கிளட்ச் மாற்றப் போகிறேன் என்றதும் என்ன சொல்வார்? "பில்லுல ஒரு சீலு, கிளட்ச் வாரண்டி கார்டுல ஒரு சீலு. ரெண்டும் வாங்காம வண்டிய எடுக்காத."

இது நம் பக்கத்தில் எவ்வளவு பெரிய சங்கடம் என்று தென்காசிக்காரர்களுக்குத் தெரியும். தெரிந்த ஆளிடம் வேலை கொடுத்துவிட்டு சீல் அடித்த பில் கேட்டால், உன்மேல் நம்பிக்கை இல்லை என்று முகத்துக்கு நேரே சொன்ன மாதிரி. மைதீன் எனக்குத் தம்பி மாதிரி. ஒரு தடவை டயர் பஞ்சரானபோது, பெருநாள் பிரியாணியைப் பாதியில் வைத்துவிட்டு ஓடிவந்தவன். அவனிடம் போய் சீல் கேட்பதா? இருந்தாலும் புருஷன் பேச்சைத் தட்டக்கூடாதே என்று, "பில்லும் வாரண்டியும் வேணும்லே" என்று சொல்லி வைத்தேன். சீல் என்ற சொல்லை மட்டும் விழுங்கிவிட்டேன்.

தகரத்துக்கு அடியில்

வண்டியை மைதீன் பட்டறையில் விட்ட மறுநாள் நான் தென்காசி மார்க்கெட்டில் இருந்தேன். அன்றைக்கென்று பார்த்து அந்த வருஷத்து முதல் சாரல் இறங்கியது. மேற்கே மலை காணாமல் போய்விட்டது. காய்கறிக்கடைத் தகரத்தில் படபடவென்று சத்தம். கடைக்காரர்கள், வாங்க வந்தவர்கள், எல்லோர் முகத்திலும் ஒரே சிரிப்பு. சாரல் வந்தால் அருவி வரும், அருவி வந்தால் சனம் வரும், சனம் வந்தால் எனக்குச் சவாரி வரும். எனக்கு அங்கேயே குதிக்கத் தோன்றியது.

அந்த நேரத்தில் மைதீன் போன்.

"யக்கா, கியர் பாக்ஸ இறக்கிட்டேன். சீலு ரெண்டு இருக்குல்லா, சின்னது. போட்டுருவமா, வேண்டாமா?"

"என்னதுலே? மழைச் சத்தத்துல கேக்கல."

"சீலுக்கா, சீலு. ரெண்டு. போடணுமா?"

எனக்குச் சுருக்கென்றது. நான் விழுங்கிய வார்த்தையை அவனே கண்டுபிடித்துக் கேட்கிறானே. பாவம், மனசு என்ன பாடுபட்டிருக்கும்? அவசர அவசரமாக, "ஏலே, நமக்குள்ள என்ன சீலு? அதெல்லாம் ஒண்ணும் வேண்டாம். வண்டியச் சட்டுனு முடிச்சுக் குடு, அது போதும்" என்றேன்.

"நல்லா யோசிச்சுத்தான் சொல்லுதியளா?"

"உன்னைய நம்பாம நான் யார நம்பப் போறேன்?"

"சரிக்கா. உங்க இஷ்டம்."

என் பெருந்தன்மையை நானே மெச்சிக்கொண்டு வீட்டுக்குப் போனேன்.

வண்டியை எடுக்கப் போனபோது அவன் விடாமல் இன்னொரு தடவையும் சொன்னான். "நீங்க வேண்டாம்னதால சீலு போடலக்கா. பின்னால என்னையக் குத்தம் சொல்லக்கூடாது."

"சொல்ல மாட்டேம்லே" என்று முதுகில் தட்டிவிட்டு வந்தேன்.

அன்று என் வீட்டுக்காரர் போனில் கேட்ட முதல் கேள்வியும் அதுதான். "சீல் போட்டானா?"

"நான்தான் வேண்டாம்னுட்டேன். தெரிஞ்ச புள்ள."

"ஏட்டி, சீல் இல்லாத வேலை பாதி வழியில நிக்கும், பாத்துக்க."

ரப்பர் ஸ்டாம்பு இல்லாவிட்டால் வண்டி எப்படி நிற்கும் என்று நான் நாள் முழுக்கச் சிரித்தேன்.

எண்ணெய்க் குளியல்

இப்போது திருமலை வளைவுக்குத் திரும்புகிறேன். போன் செய்ததும் மைதீன் பைக்கில் பறந்து வந்தான். வந்த வேகத்திலேயே வண்டிக்கு அடியில் தலையை நுழைத்தான். எஞ்சினும் கியர் பாக்ஸும் சேருகிற இடத்தில் சொட்டிக்கொண்டிருந்ததை விரலில் தொட்டு மோந்து பார்த்தான்.

"எஞ்சின் ஆயிலு. உள்ள போயிருச்சு. உங்க கிளட்ச் பிளேட்டு குத்தாலத்துக்கு வந்த பவிசுல நல்லா எண்ணெ தேச்சுக் குளிச்சிருக்குக்கா. அப்புறம் வழுக்காம என்ன செய்யும்?"

"ஆயிலு எப்படிலே அங்கன போகும்?"

"சீலு போச்சு. அதான்."

"எந்த சீலு?"

அவன் வெளியே வந்து என்னை ஏற இறங்கப் பார்த்தான். "போடவா போடவான்னு போன்ல கேட்டேம்லா. வேண்டவே வேண்டாம்னியளே, அந்த சீலு. கிராங்குல ஒண்ணு, கியர் பாக்ஸ்ல ஒண்ணு. ஆயில் சீலு."

எனக்கு மலை ஒரு சுற்றுச் சுற்றியது. "அது பில்லுல அடிக்குத சீலுல்லா?"

"பில்லுலயா? என்கிட்ட ஏதுக்கா சீலு? எனக்கு பில் புக்கே கிடையாது."

இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். முதலில் அவன் சிரித்தான். அப்புறம் எனக்குப் பிடித்துக்கொண்டது. பாறைமேல் உட்கார்ந்திருந்த குரங்குகள்கூட இதுகளுக்கு என்ன ஆச்சு என்கிற மாதிரி பார்த்தன.

சிரித்து முடித்துக் கண்ணைத் துடைக்கும்போதுதான் கெடு ஞாபகம் வந்தது. சவாரியோடு. நடுவழியில். சிரிப்பெல்லாம் அப்படியே வற்றிவிட்டது.

"வேண்டாம்னா ஏன் வேண்டாம்னு கேக்க மாட்டியா?" என்று அவன்மேல் பாய்ந்தேன்.

"உன்னைய நம்புதேன்னு சொல்லிட்டியளேக்கா. அதுக்கு மேல எப்படிக் கேக்க?" என்றான்.

அவன் சொன்னதும் நியாயம்தான். வண்டியை அவன் மெல்ல உருட்டி இறக்கிக்கொண்டிருந்தபோதே கொழுந்தன் போன் வந்துவிட்டது. அந்தச் செங்கோட்டை வேன்காரர் அவனுக்குச் சேக்காளியாம். "வண்டி நின்னுட்டாமே மைனி" என்றான். குரலில் சந்தோஷம் இல்லை, அதை ஒத்துக்கொள்ள வேண்டும். "ஞாயித்துக்கெழம புனலூர்க்காரர வரச் சொல்லட்டா?"

என் வீட்டுக்காரரிடம் நடந்ததைச் சொன்னேன். முழுதையும் கேட்டுவிட்டு, "நான் அன்னைக்கே சொன்னேம்லா, சீல் இல்லாத வேலை பாதி வழியில நிக்கும்னு" என்றார். இன்றுவரை அவர் ஆயில் சீலைத்தான் சொன்னதாகச் சாதிக்கிறார்.

"கெடு கெடுதான? நீயும் சரின்னியே."

நான் விடவில்லை. "வண்டியா நின்னுச்சு? நம்ம பேச்சுல்லா நின்னுச்சு. நீங்க ஒரு சீலச் சொன்னிய, அவன் ஒரு சீலச் சொன்னான். நடுவுல நான் நின்னேன். அதுக்கு வண்டிய விப்பியளா?"

அவர் தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

"சரி. கணேசனும் அந்த ஆளும் வரட்டும். அதே மலையில அவங்கள வச்சு ஏத்திக் காட்டு. அப்புறம் பேசுவோம்."

வளையலும் மோதிரமும்

மறுபடியும் கியர் பாக்ஸ் இறங்கியது. இந்தத் தடவை நான் பட்டறையை விட்டு நகரவில்லை. ஒரு ஆயில் டப்பாவைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்துவிட்டேன்.

மைதீன் பழைய சீல்களைக் கழற்றிக் கையில் கொடுத்தான். இவ்வளவுதானா என்றிருந்தது. ஒன்று வளையல் அளவு, இன்னொன்று மோதிரத்தைவிடக் கொஞ்சம் பெரிது. ரப்பர் விளிம்பு வைத்த வட்டம், வேறொன்றும் இல்லை. அந்த விளிம்புதான் சுழலுகிற தண்டை ஒட்டிப் பிடித்து, ஆயிலை அதனதன் இடத்தில் நிறுத்துகிறது. வளையலின் விளிம்பை விரலால் வளைத்தேன். எஞ்சின் சூட்டில் வருஷக்கணக்காக வெந்து விறைத்திருந்தது. நகம் பட்ட இடத்தில் வெடித்தது. புதுசைத் தொட்டால் காதுமடல் மாதிரி மெத்தென்றிருந்தது.

கடுகு சிறுத்தாலும் காரம் குறையாது என்பதை நான் பள்ளிக்கூடத்தில் படித்தேன். புரிந்தது மேலகரத்தில்.

ஆயில் குடித்த பிளேட்டைத் துடைத்துப் போட முடியாதா என்று கேட்டேன். "பஞ்சுல விழுந்த எண்ணெயத் துடைக்க முடியுமா?" என்றான். புது பிளேட் வீணாய்ப் போனதில் எனக்கு வயிறு எரிந்தது.

கார் வைத்திருக்கிற பெண்கள் சிலர், கிளட்ச் மாற்றும்போது அந்தச் சின்ன சீல்களையும் மாற்றத்தான் வேண்டுமா, மெக்கானிக் சும்மா சொல்கிறாரா என்று என்னைக் கேட்டிருக்கிறார்கள். புது வண்டியாக இருந்து, சீலைச் சுற்றிக் காய்ந்து சுத்தமாக இருந்தால் விட்டுவிடுகிறவர்களும் உண்டு. என் கட்சி வேறு. அந்த வளையலைப் பார்க்க வேண்டுமென்றால் கியர் பாக்ஸையே இறக்கியாக வேண்டும். இறக்கியிருக்கிறபோதே போட்டுவிட்டால் ஒரு வேலை. விட்டுவைத்தால் அதே வேலை திரும்பவும் முதலிலிருந்து. அதுவும் வண்டி நிற்கிற இடத்தை நாம் தேர்ந்தெடுக்க முடியாது.

வேலை முடிந்ததும் மைதீன் ஒரு வெள்ளைத்தாளில் பில் எழுதி, சீல் அடித்து நீட்டினான். வாங்கிப் பார்த்தால் பக்கத்து மாவு மில்லின் சீல். இரவல் வாங்கி அடித்திருக்கிறான்.

"அண்ணாச்சிக்கு சீலு வேணும்னியளே. இப்பம் ரெண்டும் போட்டாச்சு" என்றான்.

அதே வளைவு

ஞாயிற்றுக்கிழமை காலையில் சாரல் தூறிக்கொண்டிருந்தது. கணேசன் முன்சீட்டில் உட்கார்ந்து கைப்பிடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டான். புனலூர்க்காரர் பின்சீட்டில். தும்பைப்பூ வேட்டி, குறைந்த பேச்சு. வண்டியின் ஒவ்வொரு சத்தத்துக்கும் தலையைச் சாய்த்துக் கேட்கிற மனிதர்.

மலைப்பாதை தொடங்கியதும் என் நெஞ்சு அடித்த அடி அவருக்கே கேட்டிருக்கும். ஆனால் வண்டி பிடித்துக்கொண்டது. மிதித்த மிதிக்குப் பதில் சொன்னது. அந்தச் சுகத்தை என்னவென்று எழுதுவது? அடுத்தடுத்த வளைவுகளை வாரிச் சுருட்டிக்கொண்டு ஏறினோம். பயம் போன இடத்தில் எனக்குக் குஷி வந்து உட்கார்ந்தது.

அந்த வளைவு வந்தது. பிரேக்கை மிதித்து நிறுத்தினேன்.

கணேசன் வெளிறிப்போனான். "மைனி, இங்கன எதுக்கு நிப்பாட்டுதிய?"

"இங்கனதான நின்னுச்சு."

முன்னால் செங்குத்தான ஏற்றம். பின்னால் ஈர ரோடு, அதற்கப்புறம் பள்ளம். ஹாண்ட் பிரேக்கைத் தொடவில்லை. கிளட்சை மெல்ல விட்டேன். எங்கே அந்த நூல் அளவு இடம்? வந்தது. வண்டி லேசாகச் சிலிர்த்தது. வலது காலைப் பிரேக்கிலிருந்து எடுத்தேன். வண்டி முன்னாலும் போகவில்லை, பின்னாலும் போகவில்லை. ஏற்றத்தில் அப்படியே என் பாதத்துக்கு அடியில் நின்றது. ஆக்சிலேட்டரைக் கொஞ்சம் கொடுத்தேன். ஏறியது.

மேலே போய் நிறுத்தியதும் எனக்குக் கத்த வேண்டும்போல இருந்தது. கோயில் வாசல் என்பதால் கத்தவில்லை.

புனலூர்க்காரர் இறங்கினார். வண்டியைச் சுற்றி வந்து, குனிந்து அடியில் பார்த்தார். சொட்டு இல்லை. "நல்ல வண்டி. எனிக்கு இது மதி. இப்ப தன்னே எடுக்காம்" என்றார். இதுவே போதும், இப்போதே எடுத்துக்கொள்கிறேன் என்கிறார்.

இதை நான் யோசிக்கவே இல்லை. ஏறாவிட்டால் வண்டி போய்விடும் என்று பயந்துகொண்டிருந்தேன். ஏறியதாலேயே போகப்போகிறது. நானே நல்ல வண்டி என்று நிரூபித்து, வாங்குகிறவர் கையில் கொடுத்துவிட்டேன். கார்ச் சாவியைக் கைக்குள் இறுக்கிக்கொண்டேன். உள்ளங்கையில் குத்தியது.

கணேசன் அவன் அண்ணனுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தான்.

"யாருலே ஓட்டுனா?"

"மைனிதாண்ணே."

"அந்த வளைவுல?"

"நின்னுச்சு."

எனக்கு உயிர் போய்விட்டது.

"அவியளே நிப்பாட்டுனாவ" என்றான் கணேசன். "ஹாண்ட் பிரேக் போடாம, ஒரு சாண்கூடப் பின்னால போகாம எடுத்தாவண்ணே. நான் ஓட்டியிருந்தா புனலூர்க்காரரும் நானும் இப்பம் கீழ குளத்துல கெடப்போம்."

போனில் அவர் குரலோடு காற்றுச் சத்தமும் வந்தது. அங்கேயும் ஏதோ மலைதான்.

"அப்பம் அந்தப் பேச்சுக்கு சீல் வச்சிரு" என்றார் என் வீட்டுக்காரர்.

கணேசன் திருதிருவென்று முழித்தான். அந்த வாரம் முழுக்க எங்கள் வீட்டில் சீல் தவிர வேறு பேச்சே இல்லை. "எந்த சீலுண்ணே?"

"கதவப் பூட்டி அரக்கு வைப்பானுவள்லா, அது. வண்டி விக்கிறதுக்கு இல்ல. உங்க மைனி ஓட்டட்டும்."

நான் அழுதேன். கணேசன், புனலூர்க்காரர், தேங்காய் விற்கிற அம்மா, எல்லோரும் பார்க்கத்தான் அழுதேன். கணேசன் தலையைச் சொறிந்துகொண்டு புனலூர்க்காரரிடம் போய், அண்ணன் இப்படிச் சொல்லிட்டாரு, நீங்க தப்பா நெனைக்கக் கூடாது என்று இழுத்தான்.

அவர் என்னையும் வண்டியையும் ஒருமுறை பார்த்தார். பிறகு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, "குழப்பமில்ல" என்றார்.

இந்தத் தடவை இரண்டு மொழியிலும் அது சரியாக இருந்தது.